பஸ்ஸில் தூங்கிப்போகும் தோணிக்காரன்

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு தோணிக்காரன் இருந்தான். ஊர்ல இருந்தான்னு சொல்றதே தப்பு, வருசத்துல முக்காவாசி நாளு தண்ணிமேலதான் இருந்தான். அவன் பேரு தஸ்நேவிஸ். தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏத்திக்கிட்டுப் போற பெரிய மரத்தோணியில வேலை. தோணிக்குப் பேரு ரோசம்மா. ம் சொல்றியா? சரி.

அவன் மாலத்தீவுல நிக்கும்போது இங்க அவனுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துட்டு. பொண்டாட்டி ஜெசிந்தா அவ அம்மா வீட்டுல இருந்தா, கருவேலம்பட்டியில. கரிசக்காட்டு ஊரு, அங்க நின்னா கடல் வாடை கூட அடிக்காது. ரோசம்மா திரும்பி வந்து துறைமுகத்துல கயிறு கட்டுறதுக்கும், புயல் வருதுன்னு கம்பத்துல கூண்டு ஏத்துறதுக்கும் சரியா இருந்துச்சு. கூண்டு ஏறிட்டா ஒரு தோணியும் வெளிய போகக்கூடாது. புயல் அடங்குற வரைக்கும் ஒரு ஆளும் தோணியை விட்டு இறங்கவும் முடியாது.

கட்டிப் போட்ட தோணியில என்ன வேலைன்னு கேக்குறியா? ஓடுற தோணியை விட அதுக்குத்தான் வேலை ஜாஸ்தி. தண்ணி ஏறும், கயிறு இறுகிக்கிட்டு க்ர்ரீச்னு கத்தும், உடனே தளர்த்தணும். அப்புறம் தண்ணி இறங்கும், கயிறு தொளதொளன்னு ஆயிரும், உடனே இழுத்துக் கட்டணும். கொஞ்சம் கண்ணசந்தா போதும், ரோசம்மா போயி கல்சுவர்ல டமார்னு இடிச்சுக்கிடுவா. காத்து ஒய்ங் ஒய்ங்னு அடிக்குது, மழை சடசடன்னு கொட்டுது. பண்டாரின்னு சமையக்காரர் ஒருத்தர், அவரு கஞ்சிச் சட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே கஞ்சி காய்ச்சினாரு. இப்படி அஞ்சு ராத்திரி அஞ்சு பகலு. தஸ்நேவிஸ் பொட்டுத் தூக்கம் தூங்கல.

ஆறாம் நாள் காத்து வடக்க திரும்பி, தோணி ஆட்டம் அடங்கிட்டு. ஆனா கூண்டை இன்னும் இறக்கல. அப்போ தோணிக்குத் தலைவர், தண்டல்னு சொல்வாங்க, பிச்சையா தண்டல், அவனைக் கூப்பிட்டாரு.

"ஏல தஸ்நேவிசு, போயி பிள்ளையப் பாத்துட்டு வா. கூண்டு இறக்கினா மறுநாள் விடியக்கட்ட பாய் விரிச்சுக் கெளம்பிருவேன். அதுக்குள்ள வந்து சேரு."

"பாக்க முடியாமப் போச்சுன்னா?"

"வந்துரு. ஆனா நாம திரும்ப வர்றதுக்குள்ள உம்மவளுக்குப் பல்லு முளைச்சிரும். யாரோ மாமான்னு உன்னையப் பாத்து அழுவா."

அந்தப் பேச்சு அவனைக் கொத்திட்டு. ஓடிப்போயி கோவில்பட்டி பஸ்ல ஏறினான். கோவில்பட்டிக்கு முன்னாடியே கருவேலம்பட்டிக்கு ரோடு பிரியுற விலக்கு வந்துரும், அங்க இறங்கி ரெண்டு மைல் நடக்கணும், அவ்வளவுதான்.

ஆனா பாரு தங்கம், தோணிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. ஆடாத எடத்துல படுத்தா அவனுக்குத் தூக்கமே வராது. ஆடுற எடத்துல உக்காந்தா முழிச்சிருக்க முடியாது. மழைக்கு ரோடு பூராம் குண்டும் குழியும். பஸ்சு தடக் புடக், தடக் புடக்னு ஆடுது. சன்னல் பக்கம் உக்காந்தவன், "ஆகா, ரோசம்மா மாதிரியே ஆடுதே"ன்னு நெனச்சான். அம்புட்டுத்தான் அவனுக்குத் தெரியும். கண்ணைத் தொறந்தா கோவில்பட்டி.

"ஏம்ப்பா, விலக்குல நாலு தடவை கத்தினேனே"ன்னாரு கண்டக்டர்.

சரின்னு ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் கடலை மிட்டாய் வாங்கிக்கிட்டு திரும்புற பஸ்ல ஏறினான். இந்தத் தடவை உக்காரவே இல்ல. "நின்னுக்கிட்டு எவனாவது தூங்குவானா"ன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். எவனாவது தூங்குவானா? தோணிக்காரன் தூங்குவான். பாய்மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடியே தூங்கிப் பழகினவன்தானே. தடக் புடக், தடக் புடக். கொர்ர்ர். அப்புறம் யாரோ தோளைத் தட்டினாங்க. பாத்தா தூத்துக்குடி. எதுக்க கடலு, தண்ணியில ரோசம்மா, மேல பிச்சையா தண்டல்.

ம் காணுமே. தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

தண்டல் கேட்டாரு, "வந்துட்டியால? பிள்ளை யாரு சாடை?"

தஸ்நேவிஸ் தலையைச் சொறிஞ்சான். "அது இனிமேதான் பாக்கணும்."

"காலையில போனவன் பாக்காமலா வந்தே?"

பண்டாரி வந்து அவன் கையில இருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரிச்சாரு. "இது கோவில்பட்டி மிட்டாயில்லா? விலக்கு அதுக்கு முன்னாலயே கெடக்கே. மாமியார் வீட்டைத் தாண்டிப் போயி மிட்டாய் வாங்கின ஒரே மருமவன் நீதாம்ல." சொல்லிக்கிட்டே ஒரு மிட்டாயை வாயில போட்டு நறுக்குன்னு கடிச்சாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. தஸ்நேவிஸ் சிரிக்கல. கம்பத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். கூண்டு இன்னைக்கு இருக்கு, நாளைக்கு இருக்குமான்னு யாருக்குத் தெரியும்?

அவன் மொகத்தைப் பாத்ததும் பண்டாரிக்குச் சிரிப்பு அடங்கிட்டு. உள்ள போயி அஞ்சு வத்தமொளகா எடுத்துட்டு வந்து அவன் சட்டைப் பையில போட்டாரு. "கண்ணு சொருகும்போது ஒண்ணைக் கடி. எமனே வந்தாலும் தூங்கமாட்டே."

மறுநாள் விடிஞ்சதும் அவன் ஏறினது மூணாவது பஸ்சு. தடக் புடக்னு ஆட ஆரம்பிச்சதும் முதல் மொளகாயைக் கடிச்சான். ஸ்ஸ்ஸ்! அப்புறம் ரெண்டாவது. கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு ஊத்துது, மூக்கு ஒழுகுது. பக்கத்து சீட்டுல ஒரு பெரியம்மா. அவுங்களுக்கு மனசு தாங்கல.

"ஏன் ராசா அழுவுற? யாரும் தவறிட்டாங்களா?"

அவனுக்கு வாயெல்லாம் எரிச்சல். பேச முடியல. "ஊ... ஊ..."ன்னான்.

"ஐயோ பாவம், பேச்சே வரல. எந்த ஊருப்பா?"

"க... கருவே..."

"கருவேலம்பட்டியா? டிரைவர் தம்பி, இந்தப் பிள்ளை சாவு வீட்டுத் துட்டிக்குப் போகுது. கொஞ்சம் வெரசா ஓட்டுங்க."

பஸ்சே கப்சிப்னு ஆயிட்டு. ஒருத்தர் துண்டு குடுத்தாரு, ஒருத்தர் முதுகைத் தடவிவிட்டாரு. பிள்ளை பாக்கப் போறேன்னு சொல்ல வாயைத் தொறந்தான், திரும்பவும் "ஊ"ன்னுதான் வந்துச்சு. நடுவுல ஒரு ஸ்டாப்புல கூட நிக்காம பஸ்சு பறந்துச்சு. விலக்குல அவனை இறக்கிவிட்டதும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவனும் கும்பிட்டான். வேற என்ன செய்வான்?

விலக்குல ஒரு டீக்கடை. வாய் எரிச்சலுக்கு ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சான். அப்போ கடை ரேடியோவுல சொல்றாங்க, புயல் கரையைக் கடந்துட்டு, தூத்துக்குடித் துறைமுகத்துல கூண்டை இறக்கியாச்சுன்னு. நாளைக்கு விடியக்கட்ட ரோசம்மா கெளம்பிருவா. விலக்குல இருந்து தூத்துக்குடிக்கு நாலு மணி பஸ்சுதான் கடைசி.

ரெண்டு மைலும் ஓடினான். சேறு சதக் சதக்னு தெறிக்குது. வீட்டுக்குள்ள நுழைஞ்சா, தொட்டில்ல பிள்ளை தூங்குது.

ஜெசிந்தா வாசல்லயே விரலை வச்சு உஷ்ஷுன்னா. அவ கண்ணைச் சுத்திக் கருவளையம். "எழுப்பிராதீங்க. ராப்பூராம் அழுதுட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

"எனக்கு நாலு மணி பஸ்சு."

அவன் கை கால் கழுவிட்டு வந்து தொட்டில் பக்கத்துல உக்காந்தான். சேலைக்குள்ள ஒரு சின்ன மூக்கு தெரியுது, ஒரு மூடின கண்ணு தெரியுது. எழுப்பினா அழுதுரும், எழுப்பாட்டி அது அப்பனைப் பாக்காமலே போயிரும். மாமியார் சோறு வச்சாங்க, தின்னான். பிள்ளை தூங்குது. ரெண்டு மணி ஆச்சு. தூங்குது. மூணு அடிச்சுது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுச்சு, அவன் குனிஞ்சான், திரும்பவும் தூங்கிட்டு.

அப்புறம் எந்திரிச்சான். "நான் வாறேன். முழிச்சதும் சொல்லு, அப்பன் வந்துட்டுப் போனான்னு."

ஜெசிந்தா அவனையே பாத்தா. "நான் சொன்னா அதுக்கு என்ன விளங்கும்? நாப்பது நாளு முடிஞ்சாச்சு, மழையும் விட்டாச்சு. நானும் துறைமுகம் வரைக்கும் வாறேன். அங்க உங்க அக்கா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வாறேன். வழியில எங்கயாவது முழிக்கும்லா."

"பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இந்த ரோட்டுலயா?"ன்னு மாமியார் ஏசினாங்க. ஏசிக்கிட்டே ரெண்டு துணியை மடிச்சுப் பையில வச்சாங்க.

நாலு மணி பஸ்சு வந்துச்சு. ஏறி உக்காந்தாங்க. பிள்ளை அவன் மடியில. தடக் புடக், தடக் புடக். கொஞ்ச தூரம் போகலை, ஜெசிந்தாதான் முதல்ல தூங்கினா. நாப்பது நாள் தூக்கம். தலை சாஞ்சு அவன் தோள்ல விழுந்துட்டு. அவன் அசையாம இருந்தான்.

அப்போ ஒரு பெரிய பள்ளம். டொக்! பிள்ளை கண்ணைத் தொறந்துச்சு.

அழல. வெறிச்சு வெறிச்சுப் பாத்துச்சு. அவனும் பாத்தான். பஸ்சு ஆடுது, சன்னல்ல குளுகுளுன்னு காத்து வருது, தூங்குறதுக்கு இதைவிட ஒரு எடம் உண்டா? பையில மூணு மொளகா மிச்சம் கெடக்கு. தொடக்கூட இல்ல. எட்டயபுரம் போச்சு, உப்பளம் வந்துச்சு, ஊரு வந்துச்சு. பிள்ளை அவன் மூக்கைப் பாக்குது, அவன் பிள்ளையோட விரலைப் பாக்குறான்.

தூத்துக்குடியில எல்லாரும் இறங்கியாச்சு. டிரைவர் திரும்பிப் பாத்தாரு. கடைசி சீட்டுல ஒரு ஆளு குனிஞ்ச தலை நிமிராம இருக்கான்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? ஊரு வந்தாச்சு."

"தூங்கல"ன்னான் தஸ்நேவிஸ். சத்தம் போடாம மெல்லமா சொன்னான். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கிடுறேன் தம்பி."

டிரைவர் வந்து எட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, பஸ் விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி டீ குடிக்கப் போயிட்டாரு.

அம்புட்டுத்தான் தங்கம். அந்த ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருக்காங்க. அதனால நீ கண்ணை மூடலாம்.