கயிறு போய் வாசல் வந்தது

ஜப்பான் நாட்டில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டும் ஒரு மலைக்காடு. அந்தக் காட்டில் கின்டா என்றொரு நரி இருந்தது.

அங்கே இருந்த விலங்குகளுக்குக் குளிர்காலம் வந்தால் ஒரே கொண்டாட்டம். மரப்பட்டையை உரித்துக் காலுக்கடியில் வைத்துக்கொள்ளும். மலை உச்சியிலிருந்து "ஊய்!" என்று கத்திக்கொண்டு வழுக்கி இறங்கும். சறுக்குவதில் கின்டாவை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே இல்லை.

மலையின் முன்பக்கம், குரங்குகள் மிதித்து மிதித்துச் சமப்படுத்திய பாதை. பின்பக்கம், யார் காலும் படாத பனிச்சரிவு. சலித்த மாவு போல அவ்வளவு மெத்தென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளக் கயிறு.

கயிற்றைக் கட்டியது குரங்குத் தலைவர் ஒசாமு.

"கயிற்றைத் தாண்டினால் பட்டையைப் பிடுங்கிக்கொள்வேன்! குளிர்காலம் முழுக்கச் சறுக்கவே கூடாது! வெந்நீர்ச் சுனைப் பக்கமும் தலைகாட்டக் கூடாது!" என்று அது அறிவித்திருந்தது.

"ஏன் தலைவரே?" என்று யாராவது கேட்டால், "கூடாது என்றால் கூடாது!" அவ்வளவுதான் பதில்.

கின்டாவுக்கு அந்தக் கயிறு ஒரு பொருட்டே இல்லை. விடிந்தும் விடியாததுமாக அடியில் நுழைந்து போகும். ஆசை தீரச் சறுக்கும். மூங்கில் புதர் வழியாக வெளியே வந்து, வாலாலேயே தடத்தை அழித்துவிடும். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை போல முன்பக்கம் வந்து நிற்கும்.

ஒருநாள் பின்சரிவில் அதன் காலுக்கடியில் "தொம்" என்று ஒரு சத்தம் கேட்டது. பனிக்குள் ஏதோ உட்கார்ந்தது போல இருந்தது. கின்டாவின் முதுகு மயிர் சிலிர்த்தது.

"இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே!" என்று நினைத்தது. உடனே, "எங்கே கேட்டாய் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?" என்றும் நினைத்தது. வாயை மூடிக்கொண்டது.

சில நாள் கழித்து மிட்சு என்ற முயல் அதைத் தேடி வந்தது.

"நரி அண்ணா, நீங்கள் பின்பக்கம் போகிறீர்களாமே! என்னையும் கூட்டிப் போங்களேன்!"

"யார் சொன்னது?" என்று கின்டா பதறியது.

"எல்லாருக்கும் தெரியும் அண்ணா! தலைவருக்கு மட்டும்தான் தெரியாது!"

கின்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சரி, வா! என் பின்னாலேயே வா!" என்றது.

முந்தின இரவு முழுக்கக் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்திருந்தது. உச்சிப் பனியெல்லாம் பின்சரிவில் வந்து குவிந்திருந்தது. கின்டா ஓரமாகச் சறுக்கி இறங்கியது. மிட்சுவோ, "நான் நடுவில் வருகிறேன் பாருங்கள்!" என்று துள்ளிக் குதித்தது.

"தொம்!"

சரிவின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. மலையின் தோலையே உரித்தது போலப் பனி பாளமாகப் பெயர்ந்து கீழே பாய்ந்தது. முயலின் காது தெரிந்தது. அடுத்த நொடி அதுவும் தெரியவில்லை.

கின்டா ஓடியது. மோப்பம் பிடித்தது. ஓரிடத்தில் முயலின் வாசனை மெல்ல மேலே வந்தது. "மிட்சு! மிட்சு!" என்று கதறிக்கொண்டு தோண்டியது. ஆனால் சரிந்து நின்ற பனி கல்லாக இறுகிவிட்டிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

'குரங்குகளின் கை வேண்டும். ஆனால் போய்ச் சொன்னால் என் குளிர்காலம் போச்சு! சொல்லாவிட்டால் முயல் போச்சு!'

ஒரு கணம், ஒரே ஒரு கணம், கின்டா மூங்கில் புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு வெந்நீர்ச் சுனையை நோக்கித் தலைதெறிக்க ஓடியது.

சுனையில் குரங்குகள் கழுத்தளவு நீரில் கண்மூடிச் சொக்கியிருந்தன. கரையில் தோகி என்ற மலையாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"மிட்சு புதைந்துவிட்டது! ஓடி வாருங்கள்!" என்று கத்தியது கின்டா.

"எங்கே?" என்று கண்ணைத் திறந்தது ஒசாமு.

"பின்சரிவில்!"

"நீயும் கயிற்றைத் தாண்டினாயா?"

"தாண்டினேன் தலைவரே! இன்று மட்டுமில்லை, தினமும் தாண்டினேன்! பட்டையைப் பிறகு பிடுங்கிக்கொள்ளுங்கள், இப்போது கையைக் கொடுங்கள்!"

ஒசாமு முன்கோபிதான், ஆனால் கல்நெஞ்சம் இல்லை. ஈரம் சொட்டச் சொட்ட முதலில் குதித்து ஓடியது அதுதான். கின்டா இடத்தைக் காட்டியது. தோகி குளம்பால் பனியை உடைத்தது. குரங்குகள் வரிசையாக நின்று வாரி வாரி வீசின. கடைசியில் ஒரு காது தெரிந்தது. இழுத்து வெளியே போட்டன.

மிட்சு அசையவில்லை. குரங்குகள் அதைச் சூடு பறக்கத் தேய்த்தன.

"அச்!" என்று ஒரு தும்மல். முயல் கண் விழித்தது. கின்டா அங்கேயே தொப்பென்று உட்கார்ந்து அழுதுவிட்டது.

மறுநாள் கூட்டம் கூடியது.

"கின்டாவின் பட்டையும் மிட்சுவின் பட்டையும் இனி என்னிடம்! அதோடு இன்னும் மூன்று கயிறு கட்டப்போகிறேன்!" என்றது ஒசாமு.

கின்டா மறுபேச்சுப் பேசாமல் பட்டையைக் கொண்டுவந்து வைத்தது. பிறகு, "ஒரே ஒரு கேள்வி தலைவரே! நாளைக்கு இன்னொருவர் புதைந்தால், உங்களிடம் யார் ஓடி வருவார்கள்?" என்று கேட்டது.

கின்டா கூட்டத்தின் பக்கம் திரும்பியது.

"அந்தச் சரிவில் பனி சத்தம் போடும் என்று எனக்கு முன்பே தெரியும். பயத்தில் மறைத்தேன். நான் மறைத்ததால் மிட்சு நடுவில் இறங்கியது. இங்கே கயிற்றைத் தாண்டாதவர்கள் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள்!"

ஒருவரும் எழவில்லை. ஒசாமுவின் மருமகன் குரங்கு வானத்தைப் பார்த்தது. தோகி தொண்டையைக் கனைத்து, "நானும்... ஏதோ இரண்டு தடவை..." என்று இழுத்தது.

"நீயுமா?" என்று ஒசாமு தலையில் அடித்துக்கொண்டது. "அப்படியானால் கயிற்றையே அறுத்தெறியச் சொல்கிறாயா நரியே?"

"ஐயோ, வேண்டாம்! அறுத்தால் கூட்டத்தோடு புதைவோம்! ஒரு வாசல் வையுங்கள். தினமும் காலையில் பனியைத் தோண்டிப் பார்ப்போம். உறுதியாக இருந்தால் திறப்போம். இல்லாவிட்டால் அடைப்போம். ஏன் அடைத்தோம் என்று எல்லாருக்கும் காட்டுவோம். போகிறவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு ஜோடியாகப் போகட்டும். ஆபத்தைப் பார்த்து வந்து சொல்பவருக்குத் தண்டனை கிடையாது! அடைத்த வாசலைத் தாண்டுபவருக்குத்தான் தண்டனை!"

ஒசாமு தாடையைச் சொறிந்தது. "காவலுக்கு யார்?" என்றது.

"கின்டாவையே போடுங்கள் தலைவரே! திருட்டு வழி அத்தனையும் அதற்குத்தானே தெரியும்!" என்றது தோகி.

கூட்டமே சிரித்தது. ஒசாமுவும் சிரித்துவிட்டது. இரண்டு பட்டைகளையும் எடுத்து அவரவர் கையில் கொடுத்தது.

வாசல் வந்தது. சில நாள் திறந்தது, சில நாள் அடைத்தது. பின்பக்கம் ரகசியமாகப் போனவர்கள் எல்லாம் இப்போது வாசல் வழியாகவே போய் வந்தார்கள். "அங்கே விரிசல் பார்த்தேன்!", "இங்கே காற்று பனியைக் குவித்திருக்கிறது!" என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

நடுக்குளிர்காலத்தில் பனித் திருவிழா வந்தது. பக்கத்து மலையிலிருந்து ஒசாமுவின் சம்பந்திக் குரங்குகள் வந்திறங்கின. வானம் பளிச்சென்று இருந்தது. புதுப்பனி கண்ணைப் பறித்தது.

"எங்கள் பின்சரிவைப் பார்த்தால் அசந்துபோவீர்கள் சம்பந்தி!" என்று ஒசாமு மார்தட்டிக்கொண்டு வந்தது. வாசல் அடைத்திருந்தது.

"திற கின்டா!"

"இன்று முடியாது தலைவரே!"

"சம்பந்தி முன்னால் என் மானத்தை வாங்காதே!"

"எனக்கும்தான் காலெல்லாம் துறுதுறு என்கிறது! இப்படிப்பட்ட பனியை நான் கண்டதே இல்லை. ஆனால் இதைப் பாருங்கள்."

கின்டா தோண்டி வைத்திருந்த குழியைக் காட்டியது. மேலே கனத்த புதுப்பனி. அதற்கடியில் சர்க்கரை போல உதிரும் ஓர் அடுக்கு. ஒசாமு கையை வைத்து லேசாக இழுத்தது. மேல்பாளம் மூடி கழன்றது போல அப்படியே வழுக்கி வந்தது.

ஒசாமுவின் முகம் மாறியது. மெல்லப் பின்வாங்கி, "சம்பந்தி, வாருங்கள். முன்பக்கமே போவோம்" என்றது.

"வாசலில் ஒரு நரியை வைத்துக்கொண்டு, அதற்குப் பயப்படுகிறீர்களே!" என்று சம்பந்தி கேலி செய்தது. வரிசையில் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். கின்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலை விட்டு நகரவும் இல்லை.

உச்சிவெயில் ஏறியது. திடீரென்று இடி இடித்தது போல ஒரு முழக்கம்! பின்சரிவு முழுவதும் பெயர்ந்து ஓடியது. மரங்கள் குச்சி போல முறிந்தன. வெண்புகை மலையை மூடியது.

"எல்லாரும் இருக்கிறோமா?" என்று ஒசாமு அலறியது.

தோகி தலைகளை எண்ணியது. மறுபடி எண்ணியது. "இருக்கிறோம் தலைவரே! ஒருவர் விடாமல் இருக்கிறோம்!"

காடே ஆர்ப்பரித்தது! மிட்சு கின்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கேலி செய்த சம்பந்தி, நரியின் முன்னால் தலை தாழ்த்தி வணங்கியது.

சில நாள் கழித்து, சம்பந்திகள் ஊர் திரும்பும் முன்பே, புதிதாக விழுந்த பனியும் படிந்து உறுதியான ஒரு காலையில், கின்டா பல இடங்களில் தோண்டிப் பார்த்துவிட்டு வாசலைத் திறந்தது. வரிசையில் முதல் ஆள் ஒசாமு.

"பெயர்?" என்றது கின்டா.

"என் பெயர் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் தலைவரே! ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்!"

"ஒசாமு! ஜோடி மிட்சு!" என்று தலைவர் காடதிரக் கத்தியது. இரண்டும் பனித்தூள் பறக்கப் பாய்ந்தன. அதன்பின் சம்பந்திகள், அதன்பின் மருமகன், அதன்பின் காடே திரண்டு இறங்கியது.

கடைசியில் கின்டா காவலைத் தன் தங்கையிடம் ஒப்படைத்தது. "கின்டா! ஜோடி தோகி!" என்று உரக்கச் சொன்னது. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வாலை நிமிர்த்திக்கொண்டு வெண்சரிவில் பறந்தது.

பயமுறுத்தி மறைக்க வைக்கும் சட்டத்தைவிட, காரணத்தைக் காட்டி உண்மையைப் பேச வைக்கும் சட்டமே உயிர்களைக் காக்கும்.