நாற்பத்தோராம் எண் வண்டி

சேலத்தில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் எண்கள் கொஞ்சம் வரும். பொறுமையாகக் கேட்டால் விடை உள்ளேயே இருக்கிறது.

ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியும் ஒரு ஆடைக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஒரு வண்டி செய்தன. மொத்தம் எழுபத்தேழு வண்டிகள்தான், அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெட்ரோல் டேங்கில் கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள், அரக்குச் சிவப்பில். அதே கட்டத் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்த தோல் ஜாக்கெட் ஒன்றும் வண்டியோடு வரும். டேங்கில் என்ன எண்ணோ, ஜாக்கெட் காலரிலும் அதே எண். இரண்டையும் பிரித்துக் கொடுக்கக் கூடாது.

சேலம் ஷோரூமுக்கு ஒதுக்கியது ஒரே வண்டி. அதன் எண் நாற்பத்தொன்று. கேட்டு எழுதிக் கொடுத்தவர்களோ இருநூற்றுப் பன்னிரண்டு பேர். குலுக்கலில் யார் பெயர் விழுகிறதோ அவர் அளவுக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்பதால், எழுதிக் கொடுத்த அன்றே எல்லோருக்கும் அளவெடுத்தார்கள். அளவெடுத்தவர் டெய்லர் மரியதாஸ். அதே உயரமுள்ள வேறொரு வண்டியில் ஆளை ஏற்றி, ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லி டேப்பை வைப்பார். கை நீளம், முதுகு நீளம், இரண்டே அளவு. மார்புக்கும் இடுப்புக்கும் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் வார் உண்டு; ஆணோ பெண்ணோ இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அளவு எழுதிய தாள்கள் அன்றே கம்பெனிக்குப் போய்விட்டன.

எழுதிக் கொடுத்தவர்களில் இருவர் உடன்பிறந்தவர்கள். அண்ணன் தமிழ்ச்செல்வன், தங்கை தமிழ்ச்செல்வி. தகப்பனார் பெரியண்ணன். ஒரே வீடு, ஒரே கதவு எண். ஆளுக்கொரு செல்போன் இருந்தும், படிவத்தில் இருவரும் அப்பாவின் எண்ணையே எழுதியிருந்தார்கள்.

குலுக்கல் முடிந்து பெயர் வந்தது. கம்பெனிக் கம்ப்யூட்டர் இனிஷியலோடு சேர்த்துப் பத்து ஆங்கில எழுத்துக்கு மேல் ஏற்காதாம். ‘பி. தமிழ்ச்செல்வ்’ என்பதோடு பெயர் அறுந்து நின்றது. கடைசியில் வர வேண்டியது ‘அன்’னா ‘இ’யா என்று கம்பெனியைக் கேட்டால், பழைய தாள்களை அழித்துவிட்டோம் என்றார்கள். மாலை ஐந்து மணிக்குள் உரியவர் கையெழுத்துப் போடாவிட்டால், வண்டி பட்டியலில் அடுத்த பெயரான ஓமலூர்க்காரருக்குப் போய்விடும். அவரும் வந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது மணி நான்கு இருபது.

தமிழ்ச்செல்வனுக்குப் புதன்கிழமை நிச்சயதார்த்தம். அந்த வண்டியில்தான் வருவேன் என்று பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தான். தமிழ்ச்செல்வி ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மலைப்பாதைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவளுடைய பழைய வண்டியின் இன்ஜின் சிறியது. அதோடு வந்தால் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“ஏண்டி, பொண்ணு வீட்டுல சொல்லியாச்சு. இப்ப நான் ஆட்டோவுல போய் இறங்கட்டுமா?”

“இறங்கு. ஆட்டோன்னா மூணு சக்கரம், நீ விழமாட்டே.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறியா?”

“கிளட்ச் எந்தக் கையிலன்னு சொல்லு பார்ப்போம். தடவிப் பார்க்காம சொல்லணும்.”

மேலாளர் ரகோத்தமன் குறுக்கே வந்தார். “சண்டை வேண்டாம்ப்பா. ஜாக்கெட் ஒருத்தருக்குன்னு தைச்சது. அதுவே சொல்லட்டும்.”

சுவரோரம் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. முதலில் அண்ணன் போட்டுக்கொண்டு நின்றான். கை மணிக்கட்டு எலும்பில் மிகச் சரியாக முடிந்தது. முதுகு பெல்ட்டைத் தொட்டு நின்றது. ஷோரூம் ஆட்கள் தலையாட்டினார்கள்.

அடுத்து தங்கை போட்டாள். கை மணிக்கட்டைத் தாண்டி ஒன்றரை அங்குலம் இறங்கிப் பாதி உள்ளங்கையை மூடியது. முதுகு பெல்ட்டுக்குக் கீழே இரண்டு அங்குலம் தொங்கியது.

“அண்ணன் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்மா,” என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

தமிழ்ச்செல்வி கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, மெதுவாக ஜாக்கெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மணி நான்கு நாற்பத்தொன்று. ரகோத்தமன் சாவியையும் தாளையும் அண்ணன் பக்கம் நகர்த்தினார். அவன் பேனாவைத் திறந்தான்.

“சார், பொறுங்க,” என்றார் மரியதாஸ். ஜாக்கெட்டில் ஏதாவது பிரித்துத் தைக்க நேர்ந்தால் ஆகட்டும் என்று அவரை வரவழைத்திருந்தார்கள். “இது அந்தத் தம்பிக்குத் தைச்சது இல்லை.”

“என்னய்யா, கண்ணாடி முன்னாடி நிக்க வச்சே பார்த்தாச்சு! இன்னும் பத்தொன்பது நிமிஷம்தான் இருக்கு,” என்றார் ரகோத்தமன்.

ஓமலூர்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

மரியதாஸுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் முகமும் நினைவில்லை. அண்ணனையும் தெரியாது, தங்கையையும் தெரியாது. ஆனாலும் சொன்னதிலிருந்து அவர் இறங்கவில்லை.

கண்ணாடியைப் பார்த்துச் சாவியைக் கொடுக்கப்போன மேலாளர் செய்தது சரியா? தடுத்த டெய்லர் செய்தது சரியா? வண்டி யாருக்கு?

விடை: டெய்லர் செய்ததே சரி. வண்டி தங்கைக்கு. அளவெடுத்தபோது எல்லோரும் வண்டிமேல் கையை நீட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் எந்தச் சட்டையும் கையிலும் முதுகிலும் மேலே ஏறும். அதற்கும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட், நிற்கும்போது உரியவருக்கு நீளமாகத்தான் இருக்கும். நின்றபடி கச்சிதமாக இருந்தால் அது அவருடையது அல்ல. மரியதாஸ் இருவரையும் நாற்பத்தொன்றின்மேல் உட்கார வைத்துக் காட்டினார். அண்ணன் பிடித்ததும் கை ஒன்றரை அங்குலம் ஏறியது, பின்னால் சட்டை வெளியே தெரிந்தது. தங்கை பிடித்தபோது ஜாக்கெட்டின் கை மணிக்கட்டு எலும்பில் வந்து நின்றது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். “புதன்கிழமை என்னை அவங்க தெருமுனையிலயே இறக்கி விட்டுடு. வாசல் வரைக்கும் வந்துடாதே,” என்றான். “வாசல் வரைக்கும்தான் வருவேன்,” என்று அவள் வண்டியைக் கிளப்பினாள்.