ஆம்பி வில்லின் வாயை மூடிய கதை

அந்தக் காலத்தில் விலங்கும் பறவையும் மட்டுமா பேசின? வில்லும் பேசியது. அதுவும் சும்மா ஊர்க்கதை பேசவில்லை. எப்போது நாணை இழுப்பது, எப்போது அம்பை விடுவது என்று எல்லாவற்றையும் வில்தான் சொல்லும். "விடு" என்று அது சொன்னால் ஆள் விட வேண்டும். அதனால் அந்தக் கால வில்லாளிகள் நாணை எதுவரை இழுப்பது என்று கவலைப்பட்டதே இல்லை. இன்றைக்கு மார்பு வரை இழுப்பார்கள், நாளைக்குக் காது வரை இழுப்பார்கள். பட்டால் தன் பெருமை, படாவிட்டால் வில்லின் குற்றம். மனிதருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு உண்டா?

மலையை விட்டு இறங்கி ஆறு சமவெளியைத் தொடும் இடத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஆற்றங்கரைக்காரர்களின் வில் ஆள் உயரம் இருக்கும். நாணைக் கழற்றினால் தடி போல நேராக நிற்கும். மலைமேல் வாழ்ந்தவர்களின் வில்லோ இடுப்பு உயரம்தான். புதருக்குள் நுழைந்து வேட்டையாட அதுதான் தோது. அதன் நுனிகள் இரண்டும் நாய்வால் மாதிரி வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும்.

ஆற்றங்கரைக் கடுவனுக்கு மலையிலிருந்து பெண் எடுத்தார்கள். பெண்ணின் பெயர் ஆம்பி. ஆம்பி என்றால் காளான். மழை நாளில் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். சீரோடு சீராகத் தன் வில்லையும் அவள் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் கடுவனின் அக்காள் கொற்றிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரிலேயே குறி தப்பாதவள் என்று பெயர் எடுத்தவள் அவள். "பொண்ணு நேராத்தான் இருக்கா, வில்லுதான் கோணை" என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மலைவில் கோணை ஆயிற்று. பதிலுக்குக் கோணை சும்மா இருக்குமா? கடுவனின் வில்லுக்கு நெட்டை என்று பெயர் வைத்தது.

இரண்டு வில்லையும் ஒரே சுவரில் மாட்டினார்கள். வீட்டின் நிம்மதி அன்றோடு போயிற்று.

"கை நடுங்கினாலும் நான் பொறுத்துக்குவேன். எத்தன தடவ எய்தாலும் என் அம்பு ஒரே பாதையிலதான் போவும். உங்கிட்ட கடுகளவு பிசகினா போதும், அம்பு பக்கத்து ஊருக்குப் போயிரும்" என்று நெட்டை நிதானமாகச் சொல்லும்.

"உன் அம்பு போய்ச் சேருறதுக்குள்ள மான் குட்டி போட்டு வளர்த்து ஆளாக்கிரும்" என்று கோணை சளசளக்கும். "தூரத்துல உள்ளத அடிக்கணும்னா நீ வானத்தப் பாத்துல்ல குறிவைக்கணும்? என் அம்பு நினைச்ச இடத்துக்கு நேராப் போவும்."

கடுவன் சோற்றை அள்ளி வாயில் வைப்பான். "நீயே சொல்லு, யாரு நல்ல வில்லு?" என்று இரண்டும் கேட்கும். வாயில் சோறு இருப்பதால் தப்பித்துக்கொள்வான்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கடுவனின் ஆடு ஒன்று, பச்சைப் புல்லைப் பார்த்த ஆசையில், நடு ஆற்றுப் பாறைக்குப் போய்விட்டது. அதை ஓட்டிவரக் கடுவனும் போனான். அவன் பாறையில் ஏறிய நேரம் பார்த்து மலையில் பெய்த மழை மொத்தமும் வெள்ளமாக இறங்கியது. பாறையில் ஒற்றை மருதமரம் நின்றது. கடுவன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு ஏறியது. மரத்தின் வேர்கள் ஆட்டம் கண்டன.

சேதி கேட்டு ஊரே கரைக்கு ஓடிவந்தது. ஆம்பிக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. இழந்துவிடக் கூடாது என்று அவள் முதன்முதலாகத் தவித்த மனிதன் அதோ தண்ணீருக்கு நடுவில் நின்றான்.

செய்யக்கூடியது ஒன்றுதான். அம்பின் வாலில் கற்றாழை நார் நூலைக் கட்டி அந்த மரத்தில் தைக்க வேண்டும். நூலின் மறுமுனையில் வடத்தைக் கட்டிவிட்டால் கடுவன் அதை இழுத்து மரத்தில் கட்டிக்கொள்வான். பிறகு வடத்தைப் பிடித்துக் கரையேறலாம். மரத்தில் தைக்காத அம்பை, அவன் கை நீட்டுவதற்குள் வெள்ளம் கொண்டுபோய்விடும்.

கையோடு கொண்டுவந்திருந்த நெட்டையைக் கொற்றி எடுத்தாள். அது நிதானமாக "விடு" என்றது. அம்பு மரத்துக்கு நேராகத்தான் போனது. ஆனால் நூலின் பாரம் பின்னுக்கு இழுக்க, பாதி ஆற்றில் விழுந்தது. மறுபடி எய்தாள். அதே கோட்டில் போய் அதே இடத்தில் விழுந்தது.

நெட்டை வெட்கப்பட்டது. "தெச பிசகல. தூரந்தான் போதல" என்று ஒப்புக்கொண்டது.

ஆம்பி வீட்டுக்கு ஓடிக் கோணையை எடுத்துவந்தாள்.

"ஏட்டி, அந்த வாயாடி வில்ல நம்பியா என் தம்பி உயிரு இருக்கு?" என்றாள் கொற்றி.

"வேற வழி என்ன இருக்கு மதினி? அவ்வளவு தூரம் போறது இது ஒண்ணுதான்."

ஆம்பி நாணை இழுத்தாள். குறி பார்ப்பதற்குள்ளேயே கோணை, "விடு, விடு, நான் யாருன்னு காட்டுறேன்" என்று கத்தியது. திடுக்கிட்டு விட்டுவிட்டாள். அம்பு ஆற்றைத் தாண்டி அக்கரைக்கே போய்விட்டது, மரத்துக்கு வெகுதூரம் விலகி. மிதந்துவந்த கட்டை ஒன்று நூலில் மாட்டி அதை அறுத்துக்கொண்டு போனது.

முன்பு எய்த நூல் நனைந்து கனத்துவிட்டது; மிச்சமிருந்த காய்ந்த நூல் ஒரு தடவைக்குத்தான் போதும். தண்ணீர் கடுவனின் இடுப்பைத் தொட்டது. மரம் சாயத் தொடங்கியது.

ஆம்பி மறுபடி அம்பைத் தொடுத்து நாணை இழுத்தாள். கொற்றியின் கையிலிருந்த நெட்டை, "அவசரப்படாத தாயி. முழுசா இழு. ஒரு எடத்துல நிறுத்து. பொறு" என்றது.

"அந்தக் கிழம் பேச்சக் கேக்காத. வேகந்தான் முக்கியம். விடு" என்று கோணை துடித்தது.

"பொறு."

"விடு."

இரண்டும் ஏட்டிக்குப் போட்டியாகக் கத்தின. ஆம்பிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டுமே சரியாகத்தான் சொல்கின்றன என்பதும் அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கோணையின் வேகம் இல்லாமல் அம்பு போய்ச் சேராது. நெட்டையின் பொறுமை இல்லாமல் மரத்தில் தைக்காது. ஆனால் இந்த இரைச்சலில் இரண்டையும் சேர்ப்பது எப்படி?

அதுவரை யாரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். அழுகிற பிள்ளையின் வாயில் விரலை வைப்பது போல, இழுத்த நாணைக் கொண்டுபோய்த் தன் வாயோரத்தில் அழுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பேசாம இரு" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

கோணை வாயடைத்துப் போனது. அதைப் பார்த்த நெட்டையும் அடங்கியது. ஆம்பிக்குத் தன் மூச்சு கேட்டது. நாண் அவள் வாயோரத்தில் அசையாமல் நின்றது. எப்போது விடுவது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. அவளே முடிவு செய்ய வேண்டும். மருதமரத்தைப் பார்த்தாள். அதை மட்டுமே பார்த்தாள். விட்டாள்.

"ம்" என்றது வில். அவ்வளவுதான்.

அம்பு நூலை இழுத்துக்கொண்டு வெள்ளத்தின் மேலே பறந்தது. மரத்தில், கடுவனின் தலைக்கு ஒரு சாண் மேலே, அரைவாசி புதைந்து நின்றது. கரை முழுக்கக் குலவைச் சத்தம் எழுந்தது. கொற்றி கையிலிருந்த நெட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினாள். கடுவன் நூலை இழுத்தான், வடம் வந்தது, கட்டினான். ஆட்டைத் தோளில் சுமந்துகொண்டு வடத்தைப் பிடித்து ஒவ்வோர் அடியாக வந்தான்.

"மெதுவாப் போ, எனக்குத் தல சுத்துது" என்றது ஆடு.

"உன்னாலதான் இவ்வளவும். வாய மூடு" என்றான் கடுவன். அவன் கால் கரையில் பட்டதும் மருதமரம் அம்போடு ஆற்றில் சாய்ந்து போயிற்று.

ஆம்பி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சாண் கீழ வந்திருந்தா என் கத முடிஞ்சிருக்கும்" என்றான் அவன்.

"வந்திருக்காது. நான்தான விட்டேன்" என்றாள் அவள்.

கொற்றி நெட்டையில் ஓர் அம்பைத் தொடுத்து, நாணைத் தன் வாயோரத்தில் வைத்துப் பார்த்தாள். கரையோரப் பனையில் அவள் குறித்த இடத்திலேயே அம்பு தைத்தது. "ம்" என்றது நெட்டை. கொற்றி ஆம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டாள். கொட்டு முழங்க ஊர் முழுக்கச் சுமந்துபோனாள். ஊர்வலத்தில் முன்னால் போனது கோணை. பின்னால் போனது நெட்டை. இரண்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எது நல்ல வில் என்று மனிதர்கள்தான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வில்கள் அதில் தலையிடுவதில்லை. அன்று முதல்தான் நெடுவில் எடுத்தவரும் வளைநுனி வில் எடுத்தவரும் நாணை வாயோரத்தில் தொட்டு நிறுத்திய பிறகே அம்பை விடுகிறார்கள். விட்டதும் வில் "ம்" என்று மட்டும் சொல்கிறது.