காதறுந்தாள் தோண்டிய குழி

ஆனைமடுவில் ஒரு முதலை இருந்தது. தண்ணீர் குடிக்கப் போன மருதி என்ற புள்ளிமானின் பின்னங்காலை அது கவ்வியது. மருதி உதறித் தப்பிவிட்டாள். புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவளால் மடுப்பக்கம் போக முடியவில்லை. தண்ணீர் மினுங்குவது கண்ணில் பட்டாலே நாலு காலும் வெடவெடவென்று நடுங்கும்.

பனிக்காலம் முழுக்க இலைமேல் இருந்த ஈரத்தை நக்கியே பொழுதை ஓட்டினாள். கோடை வந்ததும் அதுவும் போயிற்று. மடியில் பால் வற்றத் தொடங்கியது. அவளுடைய குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்ளும். மருதி தண்ணீர் குடிக்காவிட்டால் குட்டி பிழைக்காது. அது அவளுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும்.

புத்தி சொல்லவா ஆள் இல்லை? மடுக்கரை நாவல் மரத்தில் நெடுவாலன் என்ற குரங்கு இருந்தான். மேலிருந்து பார்த்து, ஆபத்து என்றால் குரல் கொடுப்பது அவன் வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"ஏ மருதி, நான்தான் மேலேருந்து பார்த்துக்கிட்டிருக்கேனே. முதலை அக்கரையில வெயில் காயுது. வந்து குடி."

"தெரியுது அண்ணே. கால் வரமாட்டேங்குது."

"என்னைக்கோ நடந்ததையே நெனச்சிக்கிட்டிருந்தா எப்படி? மனசைத் திடப்படுத்திக்கோ."

சொல்வது சுலபம். மரத்து மேலே உட்கார்ந்துகொண்டு சொல்வது இன்னும் சுலபம்.

கூட்டத்து மான்கள் வேறு வழி பார்த்தன. மான்கள் தோளோடு தோள் இடித்து வரிசையாக நின்றுதான் தண்ணீர் குடிக்கும். பயந்தவர்களையும் முடியாதவர்களையும் நடுவில் விடுவது வழக்கம். அதேபோல மருதியையும் நடுவில் விட்டு மடுவுக்குக் கூட்டிப் போயின. இரண்டு பக்கமும் உடம்பு நெருக்கியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் நின்றவளை ஓங்கி உதைத்துவிட்டு ஓடியே போனாள்.

"நல்லது செய்யப்போனா உதைக்கிறாளே!" என்று கூட்டம் கோபித்துக்கொண்டது. கோபத்திலும் நியாயம் இருந்தது. உதை வாங்கியவளுக்கு விலா வீங்கிவிட்டது.

மருதி புதருக்குள் போய்ப் படுத்தாள். அங்கே ஒரு பெண் காட்டுப்பன்றி வந்தாள். அவளுக்கு ஒரு காது அறுந்துபோயிருந்தது. அதனால் காட்டில் அவளுக்குக் காதறுந்தாள் என்றே பேர். சேற்று நாற்றம் என்று மான்கள் அவளோடு பேசுவதில்லை. வந்தவள் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

மருதியே கேட்டாள். "நீயும் புத்தி சொல்லத்தான் வந்தியா?"

"இல்ல தங்கச்சி. என் காது அதே மடுவுலதான் போச்சு."

மருதி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உன்னை நடுவுல நிறுத்துனாங்களே, எப்படி இருந்துச்சு?" என்று பன்றி கேட்டாள்.

"ஓட வழியே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான். எங்க ஆளுங்களும் என்னை நடுவுலதான் விட்டாங்க. நான் கூடப்பிறந்தவளையே கடிச்சு வச்சிட்டேன்."

மருதிக்கு அழுகை வந்துவிட்டது. தனக்கு மட்டும்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இப்ப உனக்குப் பயம் போயிடுச்சா அக்கா?"

"எங்க போச்சு? தண்ணிகிட்ட போனா, இருக்கிற காது இன்னும் துடிக்கத்தான் செய்யுது. துடிச்சா துடிக்கட்டும்னு குடிச்சிட்டு வந்துடுவேன்."

மடுவை விட்டு ரொம்பத் தள்ளி ஒரு மணல்திட்டு இருந்தது. காதறுந்தாள் அங்கே மூக்கால் கிளறிக் குழி பறித்தாள். அடியில் தண்ணீர் ஊறியது. தவளை ஒளிவதற்குக்கூட இடமில்லாத குழி.

"நான் எங்க நிக்கட்டும், சொல்லு."

"பின்னாடி நிக்காதே அக்கா. மடுவுக்கும் எனக்கும் நடுவுல நில்லு."

பன்றி அங்கேயே நின்றாள். மருதி குடித்தாள். அன்று சாயங்காலம் குட்டிக்கு வாய் நிறையப் பால் கிடைத்தது.

அடுத்த குழியைக் காதறுந்தாள் மடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பறித்தாள். அதற்கடுத்தது இன்னும் பக்கத்தில். சில நாள் மருதியால் முடியாது. அன்றைக்குப் பழைய குழிக்கே திரும்புவார்கள். காதறுந்தாள் முகம் சுளித்ததே இல்லை. மழை வருவதற்குள் மருதி மடுவிலேயே குடித்தாள், வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டு. குட்டி பிழைத்துக்கொண்டது.

இதோடு கதை முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் கிளையில் கண்ணயர்ந்திருந்த நெடுவாலனை, மரமேறி வந்த சிறுத்தை பிடித்தது. பாதி வால் அதன் வாயோடு போயிற்று. பேர் மட்டும் நெடுவாலன் என்றே நின்றது. அவன் பாறை இடுக்கில் ஒடுங்கிக்கொண்டான். மரம் பக்கமே போகவில்லை. பழம் இல்லாமல் எலும்பும் தோலுமாகிவிட்டான். காட்டுக்குக் காவலும் இல்லாமல் போயிற்று.

மருதி ஓடினாள். தனக்குத்தான் வழி தெரியுமே! பாறை முன்னால் குளம்பால் மணலைக் கிளறிக் குழி பறித்தாள்.

"வா அண்ணே, குடி."

"எனக்குத் தாகமே இல்லையேம்மா" என்றான் நெடுவாலன்.

கூட வந்திருந்த காதறுந்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனை முதலையா பிடிச்சுது? அது உன்னோட குழி தங்கச்சி. அவன்கிட்ட கேட்டியா?"

மருதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பறித்த குழியைத் தானே மூடினாள். கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "எதை நெனச்சா ரொம்ப பயமா இருக்கு அண்ணே?"

"கீழே இலை அசையுற சத்தம்" என்றான் அவன். "மேல ஏறிட்டா கீழ யாரு வராங்கன்னு தெரியாது."

"கீழே நான் நின்னா?"

நெடுவாலன் அவளைப் பார்த்தான். பிறகு நாவல் மரத்தைப் பார்த்தான். அன்று அடிமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். இன்னொரு நாள் தாழ்ந்த கிளைவரை போனான். மருதி கீழே காதை விறைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ என்னை மனசைத் திடப்படுத்திக்கோன்னு சொல்லவே இல்லையே" என்றான் கிளையிலிருந்து.

"சொன்னா திடமாயிடுமா அண்ணே?"

அவன் ஒரு நாவல் பழத்தைப் பறித்து, முதலில் அவளுக்குக் கீழே போட்டான்.

நாம் பட்ட துன்பம் அடுத்தவருக்குப் பக்கத்தில் நிற்கும் தகுதியை நமக்குத் தரும்; ஆனால் எங்கே நிற்பது என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.