நாள் பார்த்த சிஷ்யர்

சத்தியமங்கலத்தில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் உத்தண்டராசுவுக்கு ஒரு யோகா குரு உண்டு. பேர் நாகமணி. வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். அதனால் என்ன? நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்து கூனிப்போன மனுஷனை நிமிர்ந்து உட்காரப் பழக்கியது அந்த அம்மாதானே! இவர் வாய் நிறைய 'டீச்சர்' என்பார். அவர் 'அண்ணா' என்பார்.

உத்தண்டராசு நல்ல சிஷ்யர்தான். ஆனால் ஒரு குணம். தொட்டதுக்கெல்லாம் நாள் பார்ப்பார். யோகாவில் சேர்ந்ததே வளர்பிறை முகூர்த்தத்தில், தேங்காய் பழத்தோடு. அது பரவாயில்லை. நடுவில் ஒரு நாள் தவறினால் போதும், மொத்தமும் முறிந்துபோனதாகவே அவருக்குத் தோன்றிவிடும். பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருப்பார். அந்த நாள் வந்ததும் திரும்பவும் ஒரு தேங்காய். இப்படி எத்தனை தேங்காய் உடைந்ததோ, அந்தப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

இந்தத் தடவை ஆனிக் கடைசியில் விட்டுப்போனது. சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதை ஒட்டிக் கடையில் வேலை நெரிசல். திரும்பிப் பார்த்தால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

இடுப்பு ஆவணி வரைக்கும் பொறுக்குமா? பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஆடி நோம்பிப் பண்டிகைக்கு மகள் இந்துமதி ஓசூரிலிருந்து வந்திருந்தாள், கையில் குழந்தையோடு. பேரன் அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். அன்றைக்கு மத்தியானம் தவழ்ந்து வந்து, அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கினான். உத்தண்டராசு ஆசையாகக் குனிந்தார். பாதியிலேயே இடுப்பு நின்றுவிட்டது.

"கோசலை, இவனைக் கொஞ்சம் எடு" என்றார் மனைவியிடம்.

கோசலை எடுத்தாள். அவள் தோளில் சாய்ந்தும் பொடியன் இவரைப் பார்த்தே கையை நீட்டிக்கொண்டிருந்தான். உத்தண்டராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேரனைத் தூக்க முடியாதவன் என்ன அப்புச்சி! அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த தடவை எப்போது வருவார்களோ, அதற்குள் அவன் ஓடித் திரிய ஆரம்பித்திருப்பான்.

சாயங்காலம் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு குருவைப் பார்க்கப் போனார்.

நாகமணி வகுப்பு முடிந்து கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்கண்ணா! ஆளையே காணோமே?"

"நீங்க குடுத்த பாயைத் திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க டீச்சர்."

"ஏனுங்கண்ணா?"

"நமக்கு இது ஒத்து வராதுங்க. எத்தனை தடவைதான் ஆரம்பிக்கறது? எனக்கே வெக்கமா இருக்குதுங்க. நாலு நாள் ஒழுங்காச் செய்யறேன், அப்புறம் எதாவது வந்து விட்டுப்போயிருது. நோம்பிக்கு இந்து வந்திருக்குதுங்க, அடுத்த வாரம் போயிருவாங்க. இன்னிக்குப் பேரனைத் தூக்க முடியலைங்க. கையைத் தூக்கிட்டு நிக்கறானுங்க டீச்சர்..."

வாழைப்பழச் சீப்பை நீட்டினார்.

நாகமணி பழத்தை வாங்கிக்கொண்டார். பாயை வாங்கவில்லை.

"அப்ப நாளைக்குக் காலையில வந்துருங்க."

"ஆடிங்களே டீச்சர்!"

"ஆமாங்கண்ணா. ஆடியில புதுசா யாரையும் நானும் சேத்தறதில்லைங்க."

உத்தண்டராசுவுக்கு அப்பாடா என்றிருந்தது. குருவும் நம்ம கட்சிதான்!

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். ஆவணி பொறக்கட்டும். தேங்கா பழத்தோட முறைப்படி வந்து ஆரம்பிச்சர்றேன்."

"அதுக்குள்ள பேரன் ஊருக்குப் போயிருவானேண்ணா."

உத்தண்டராசு கக்கத்துப் பாயை இறுக்கிக்கொண்டார்.

நாகமணி சீப்பை உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார்.

"இந்து எப்ப வந்துதுங்கண்ணா?"

"வெள்ளிக்கெழமைங்க."

"அதுக்கு முன்னாடி?"

"பொங்கல் கழிச்சுக் கொழந்தையோட போனதுதானுங்க. நடுவுல வரவே முடியலை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லைங்க."

"அத்தனை மாசம் கழிச்சு வந்த புள்ளைய வீட்டுக்குள்ள விடறதுக்கு நாள் பாத்தீங்களா?"

கலங்கிய கண்ணோடு சிரித்துவிட்டார் உத்தண்டராசு.

"அட, மகளுக்கு எதுக்குங்க டீச்சர் நாளு! செருப்பை மூலைக்கொண்ணா உதறிப் போட்டுட்டு நேரா சமையக்கட்டுக்குப் போச்சுங்க. 'அம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு'ன்னு மூடியைத் தூக்கிப் பாக்குது. நேத்துப் போயிட்டு இன்னிக்கு வந்தாப்புல."

"இத்தனை நாளா ஏன் வரலைன்னு சத்தம் போட்டீங்களா?"

"சேச்சே! வந்துதேன்னு மனசு குளுந்து போச்சுங்க."

"சரிங்கண்ணா. வராம இருந்த அத்தனை மாசமும் இந்து உங்க மக இல்லைன்னு ஆயிருச்சா?"

"என்னங்க டீச்சர், பேச்சைப் பாரு!"

கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் பார்வை கக்கத்துப் பாயின் மேல் விழுந்தது. குருவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாகமணி அவர் கக்கத்திலிருந்து பாயை உருவினார். பெருக்கின தரையில் அதை உதறி விரித்தார்.

உத்தண்டராசு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எதுலிருந்துங்க டீச்சர் ஆரம்பிக்கட்டும்?"

"ஆரம்பிக்க வேண்டாங்கண்ணா. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க."