ஆளுக்குப் பதில் குடம்

அந்தக் காலத்தில் பாத்திரங்களுக்கு வாய் இருந்தது. அதை அவை சும்மா வைத்திருக்கவும் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க மனிதர்கள்தாம் கால்கடுக்க நின்றார்கள். ஆள் நகர்ந்தால் இடம் போயிற்று என்பது சட்டம். யாரும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் எல்லோரும் அதை மதித்தார்கள்.

இட்லிக் கடை வைத்திருந்த செண்பகவடிவு, கணவனின் பழைய பட்டுவேட்டியைத் தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். வந்த அன்றைக்கே, பித்தளைக்குச் செய்வதுபோலவே, கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியை அதில் ஊற்றினாள். குடத்தின் இடுப்பு ஒரு பக்கம் உள்வாங்கியது.

“ஐயோ, எனக்குச் சூடு ஆகாதும்மா!” என்று அலறியது குடம்.

“பாத்திரமா பொறந்துட்டுச் சூடு ஆகாதாம்! பெரிய எடத்துப் பொண்ணு!” பித்தளை அண்டா அதிர அதிரச் சிரித்தது.

“உள்ளதைச் சொல்றேம்மா. சூடுபட்டா என் வாடை கஞ்சியில எறங்கும். அது உடம்புக்கு நல்லதில்ல. பச்சைத் தண்ணி ஊத்து, அரிசி கொட்டி வை. கீழே போட்டாலும் உடைய மாட்டேன்.”

செண்பகவடிவு இளகவில்லை. “நாளைக்குப் பாத்திரக்காரர் வரட்டும். உன்னைக் குடுத்துட்டு ஒரு சில்வர் தூக்கு வாங்கிக்கிறேன்.”

திரும்பிப் போகிற பிளாஸ்டிக்கை உருக்கி வாளியாகவோ முறமாகவோ வார்ப்பார்கள் என்று குடத்துக்குத் தெரியும். வாளியாக இருப்பதில் இழிவொன்றும் இல்லைதான். ஆனாலும் குடத்துக்குக் குடமாக இருக்கத்தான் ஆசை.

மறுநாள் காலை குழாயடியில் பாதி வரிசை நகர்ந்திருக்கும்போது கணவன் ஓடிவந்தான். “இட்லிச் சட்டி அடிப்பிடிக்குது! எனக்கு எறக்கத் தெரியல!”

செண்பகவடிவு குடத்தைத் தரையில் வைத்தாள். “அசையாம நில்லு” என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

அதுவரை அந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம் அது. பின்னால் நின்ற முத்துப்பேச்சி குடத்தைக் காலால் ஓர் எத்து எத்தினாள். அது உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் நின்றது.

“அக்கா, என்னை எடுத்து வைங்க. அது எங்க எடம்.”

“ஆளையே காணோம், எப்படி உங்க எடமாகும்?”

“வரிசை எதுக்குக்கா?”

“இது தெரியாதா? தண்ணி புடிக்க.”

“தண்ணி புடிக்கப் போறது நீங்களா, உங்க இடுப்புல இருக்கிற பானையா?”

வரிசை முழுவதும் சிரித்தது. முத்துப்பேச்சி மறுபடி எத்தினாள். குடம் குழாய்த் தூணில் மோதித் துள்ளியது; ஒரு கீறல் இல்லை.

“இன்னொரு தடவைகூட எத்துங்க, எனக்கு வலிக்காது. ஆனா எடம் எங்களுதுதான்.”

முன்னால் நின்ற கோமு குடத்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். “விடு பேச்சி, நியாயம் குடத்துப் பக்கம்தான் இருக்கு.” சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் அடுப்பில் வேகிற சோறு நினைவுக்கு வந்தது. தன் இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்தை மெல்ல இறக்கினாள்.

“என்னைத் தனியா விட்டா எவனாவது எடைக்குப் போட்டுருவான்!” என்று கத்தியது அது.

முத்துப்பேச்சியும் தன் மண்பானையைப் பார்த்தாள். “என்னை ஒரு எத்து எத்தினா நான் அவ்வளவுதான்” என்றது பானை.

செண்பகவடிவு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது குழாய்க்கு நேர் கீழே, அவள் இடத்தில், பச்சைக் குடம் நிறைந்துகொண்டிருந்தது.

மதியம் பாத்திரக்காரர் வந்தார். செண்பகவடிவு குடத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். “இதைக் கேக்காதீங்கண்ணே. தூக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. தெருப் பெண்கள் ஆளுக்கொரு வேட்டியோடு அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் முத்துப்பேச்சி.

அன்று முதல்தான் தண்ணீர் வரும் நாளில் ஆட்கள் வீட்டில் அடுப்பைப் பார்க்க, பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் குழாயடியில் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்றை யாராவது நகர்த்திப் பார்க்கட்டும், தெருவே திரண்டு வந்து கேட்கும்.