போதும் என்றவரின் இலை

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய மடம். அதன் தலைவி செண்பகவல்லி அம்மைக்கு நாற்பத்தைந்து வயது. மடத்துக்கு வருமுன் பஸ் ஸ்டாண்டு மெஸ் ஒன்றில் பதினாறு வருடம் சப்ளையராக இருந்தவர். அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருந்தார்.

சீடர் ஆறுமுகநயினாருக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். படித்த மனிதர், அது அவருக்கும் நன்றாகவே தெரியும். மடத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவைத் தான் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. மூன்றாம் முறை அனுமதி கேட்டபோது அம்மை தன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"படிச்சிட்டு வாங்க ஐயா."

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"படிச்சிட்டேன் அம்மா. ஒரே மூச்சுல."

"என்ன கிடைச்சுது?"

நயினாருக்கு மறைத்துப் பேச வராது. "கோவிச்சுக்கக் கூடாது. மேஜை துடைக்கிறது, சோறு போடுறது... இதுல நான் தெரிஞ்சுக்க என்ன இருக்கு?"

அம்மைக்குக் கோபம் வரவில்லை.

"இன்னைக்கு மத்தியானப் பந்தியில நீங்க சோறு போடுங்க."

இவ்வளவுதானா என்று நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. ஒவ்வொருவரையும் மரியாதையாகக் கேட்டார். வேண்டும் என்றவருக்குப் போட்டார், போதும் என்றவரைத் தாண்டினார். அடுத்த பந்திக்கான ஆட்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்களை அதிகம் காக்க வைக்காமல் கடைசி இலைக்கு வந்து சேர்ந்தார். தன்னை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அம்மை வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு கொத்தனாரிடம் போய், எதுவும் கேட்காமல் இரண்டு கரண்டி சோறு வைத்தார். ரசம் ஊற்றச் சொன்னார்.

"மெதுவா சாப்பிடுங்கண்ணே. ஒரு அவசரமும் இல்ல."

அவர் தலை நிமிராமல் அத்தனையும் சாப்பிட்டார். அம்மை இன்னொரு கரண்டி வைத்தார். அதுவும் போயிற்று. அடுத்த கரண்டிக்கு அவர் இலையின் மேல் கையை விரித்து மறித்தார். அம்மை நகர்ந்தார்.

நயினாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் கேட்டேனே அம்மா. போதும்னுதானே சொன்னார்?"

"வாய் சொல்லிச்சு. இலையை மறிச்சாரா?"

"அதை நான் பார்க்கல."

"சொல்லும்போது அவரு எங்க பார்த்தாரு?"

நயினார் யோசித்தார். "சுவரோரம் நின்னவங்களை."

"அவங்க காத்து நிக்காங்களேன்னு கூச்சம். மெஸ்ஸுல தினமும் இப்படி எத்தனையோ பேரு பாதி வயித்தோட எந்திரிச்சுப் போவாங்க. எனக்கு இது பிடிபடவே ரெண்டு வருஷம் ஆச்சு."

"இதைப் புத்தகத்துல எழுதியிருக்கலாமே?"

"நாலாவது அத்தியாயம் பூரா அதுதான் ஐயா."

நயினாரால் அம்மையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வகுப்பறையில் கழித்த முப்பது வருடமும் ஏனோ நினைவுக்கு வந்தது.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் பேசல."

"யார் வேண்டாம்னது? பேசுங்க. பேசி முடிச்சதும் ஒருத்தர் வந்து, 'எல்லாம் புரிஞ்சுது ஐயா'ம்பாரு. அவரை விட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிராதீங்க."